சாயக்காரன் வீட்டில் தீ

ருமேனியாவின் மெதியாஷ் நகரில், ஸ்மராந்தாவின் சமையலறை மேசையில் இரண்டு மடிக்கணினிகள் எதிரெதிரே திறந்திருந்தன. நடுவில் எள் தூவிய வளைய ரொட்டிகள் தொடப்படாமல் ஆறிக்கொண்டிருந்தன. கட்டைகளை அடுக்கிக் கட்டும் கணினி விளையாட்டில் அன்று டிரான்சில்வேனியா முழுவதற்குமான போட்டி. விளையாட்டுக்குள் இருக்கும் ஒரே தெருவில் ஒவ்வொரு அணியும் இடைக்காலத்து வீடு ஒன்றைக் கட்ட வேண்டும். சாயங்காலம் நடுவர் தெருவில் நடந்து வந்து பார்ப்பார்.

பாதி நேரம் போய்விட்டது. தோழி இலிங்காவின் திரையில் நின்றதோ நான்கு சுவரும் ஒரு மூடியும்தான்.

ஒலிபெருக்கியில் பிராஷோவ் அணியின் ஹோரியா சிரித்தான். "மெதியாஷ்காரங்களே, அது வீடா, செருப்பு டப்பாவா?"

"டப்பாதான்டா! உள்ளே இருக்கிறது உன் அளவுதான், வந்து வாங்கிக்கோ!" என்று கத்திவிட்டு ஸ்மராந்தா ஒலிவாங்கியை அணைத்தாள். நகரப் பேருந்து ஓட்டுகிறவள். பதில் சொல்லாமல் விட்டுப் பழக்கமில்லை. ஆனால் தோழியிடம் குரல் தணிந்தது. "அவன் சொல்றது நிஜம்தான்டி. நம்ம வீட்டுக்கு உயிரே இல்ல."

இலிங்கா கன்னத்தில் கை வைத்துத் திரையையே பார்த்தாள். அவள் வேலை பார்க்கும் கண்ணாடிக்கடை கோட்டைச் சுவரையொட்டி இருந்தது. தினமும் அந்தப் பழைய வீடுகளைத் தாண்டித்தான் போவாள். அவற்றில் ஒன்றுகூட இப்படி விறைத்து நின்றதில்லை. திடீரென்று நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"இந்த வீட்டுல யாரு குடியிருக்கா?"

"யாரும் இல்லையே."

"அதான்டி தப்பு! ஆளைக் கண்டுபிடிக்காம வீட்டைக் கட்டிட்டோம். துணிக்குச் சாயம் போடுறவன்னு வச்சுக்கோ. அவனுக்கு என்னென்ன வேணும்?"

"தொட்டி வேணும். கீழே எப்பவும் ஈரமா இருக்கும்…"

"அப்ப கீழ்த்தளம் கல்லு! வண்டி நுழையற மாதிரி அகலக் கதவு. தெரு குறுகலு, அதனால மாடி ஒரு கட்டை அளவு வெளியே நீட்டிக்கிட்டு நிக்கட்டும். துணி காயப் பரண்ல காத்து வரணும்!"

ஸ்மராந்தா அதற்குள் சுவரை இடிக்க ஆரம்பித்திருந்தாள். கருவாலி எனும் ஓக் மரக் கட்டைகள் தூண்களாக எழுந்தன. நடுவே வெள்ளைப் பூச்சு. பனி வழுக்கி விழும்படி கூரை செங்குத்தாக ஏறியது. பரணில் நீலமும் சிவப்புமாகத் துணிகள் தொங்கின. இருவரும் ஒருவர் பேச்சை ஒருவர் வெட்டிப் பேசினார்கள், கத்தினார்கள், சிரித்தார்கள். கடைசியாக ஸ்மராந்தா தொட்டிக்கு அடியில் நெருப்பை மூட்டினாள்.

அடுப்புக்குப் பின்னால் இருந்தது பலகைத் தடுப்புச் சுவர். கண் மூடித் திறப்பதற்குள் அது பற்றிக்கொண்டது. தீ மாடிக்குத் தாவியது.

"ஐயோ, தண்ணி! தண்ணி ஊத்துடி!"

"ஊத்திட்டுத்தான் இருக்கேன்! நீ கூரையை வெட்டி விடு, அந்தப் பக்கம் போகாம!"

தீ அடங்கியபோது வலது பாதியில் கருகிய உத்தரம் ஒன்றுதான் மிச்சம். மீண்டும் கட்டக் கருவாலிக் கட்டையும் தீர்ந்துவிட்டது. ஸ்மராந்தா தலையில் கை வைத்தாள்.

"போச்சு. எல்லாம் என்னால."

இலிங்காவின் கண்களோ பளபளத்தன. "சும்மா இருடி! சாயக்காரன் வீடு நிஜமாவே எரிஞ்சிருந்தா என்ன பண்ணியிருப்பான்? கையில கிடைச்சதை வச்சுத்தானே அடைச்சிருப்பான்? செங்கல் எடு! கல்லு எடு! அந்த உத்தரத்தைத் தொடாதே, அப்படியே இருக்கட்டும்!"

நடுவர் தெருமுனையில் தோன்றியபோது கடைசி ஓடுகள் ஏறிக்கொண்டிருந்தன. ஹோரியாவின் கோபுர வீட்டை ஒரு சுற்று பார்த்துவிட்டு வந்த நடுவர் வெதூரியா அம்மையார் சாயக்காரன் வீட்டின் முன் நின்றார். உள்ளே போனார். மாடிக்கு ஏறினார். வெளியே வந்து, பழைய சுவரும் புதுச் செங்கல்லும் சேரும் இடத்தில் மறுபடி நின்றார்.

"இங்க தீப்பிடிச்சிருக்கு போலிருக்கே. எந்தக் காலத்துல?"

ஸ்மராந்தா ஒலிவாங்கியைத் திறந்தாள். "இப்பதாங்க. காபி ஆறுறதுக்குள்ள."

தெரு முழுவதும் வெடித்துச் சிரித்தது. ஹோரியாவின் சிரிப்புதான் எல்லோருடையதையும்விடப் பலமாகக் கேட்டது.

முதல் பரிசு குளூஜ் அணி கட்டிய, தண்ணீரில் ஓடும் மாவு ஆலை வீட்டுக்குப் போனது. இரண்டாவது இவர்களுக்கு. ஆனால் அறிவிப்பை இருவருமே சரியாகக் கேட்கவில்லை. பக்கத்துக் காலி மனையில் யாரைக் குடிவைப்பது என்று அதற்குள் சண்டை ஆரம்பமாகியிருந்தது.

"சர்ச் மணி வார்க்கிறவன்டி!"

"போடி, அவன் வீட்டுலயும் தீதான்!"