காய்ந்த ஆற்றில் வீசிய வலை

ஆண்டவரின் வாக்கு அந்த வருஷம் ஆம்பூரில் அட்டை இரண்டு ரூபாய்க்கு விற்றது. நூறாக எடுத்தால் ஒன்றரை. சபைப் போதகர் நூறாகத்தான் எடுத்தார், பேரம் பேசிக் கொஞ்சம் இனாமாகவும் வாங்கினார். புத்தாண்டுக் காலை ஆராதனை முடிந்ததும் வெல்வெட் பைக்குள் கைவிட்டு பைபிள் வசனம் அச்சடித்த வாக்குத்தத்த அட்டையை ஆளுக்கொன்றாக எடுப்பது வழக்கம். சுகம், சமாதானம், சொந்த வீடு என்று எல்லோருக்கும் நல்ல சரக்காகவே வந்தது. ஷூ கம்பெனியில் மேல்தோல் தைக்கும் மோகனாவுக்கு மட்டும், மீனவர்களை ஆழத்துக்குப் போய் வலை போடச் சொன்ன வசனம் வந்தது. போதகரே சங்கடப்பட்டு, "இது கடலோரத்துக்கு அடிச்சதும்மா, நம்ம பக்கம் தப்பி வந்துடுச்சு. வேற ஒண்ணு எடு" என்றார். "எனக்குன்னு வந்தத நான் எதுக்குய்யா மாத்தணும்?" என்று அவள் அட்டையைப் பர்ஸில் வைத்துக்கொண்டாள்.

அவளுக்குத் தேட வேண்டிய ஆள் ஒருவன் இருந்தான். முந்தைய வருஷ மழையில் பாலாறு கரை புரண்டபோது, தோல் பதனிடும் டேனரியில் வேலை முடிந்து தரைப்பாலத்தில் வண்டியில் திரும்பிய அவள் கணவன் ஜெயசீலனை வெள்ளம் கொண்டுபோயிற்று. வண்டி கிடைத்தது, ஆள் கிடைக்கவில்லை. பிணமில்லாமல் அடக்கமில்லை. அடக்கமில்லாததால் சபையில் அவளை மனைவிமார் கூட்டத்துக்கும் கூப்பிடவில்லை, விதவைகளுக்குக் கொடுக்கும் சேலையையும் கொடுக்கவில்லை. உயிரோடோ உடலாகவோ அவன் வேண்டும் என்பதே அவள் ஜெபம். பள்ளிகொண்டா பக்கத்து ஏரியில் மீன் பிடிக்கும் காசியிடம் பழைய வீச்சுவலை ஒன்றைக் கேட்டாள். எந்த ஏரிக்கு என்றான். பாலாற்றுக்கு என்றாள். அப்போது அங்கே மணலும், அதன் மேல் டேனரி நாற்றமும்தான் இருந்தன. மணலில் மீன் பிடிக்கப் போகிறவளிடம் லாபம் பார்ப்பது தொழிலுக்கு ஆகாது என்று காசி பாதி விலைக்கே கொடுத்தான்.

ஞாயிறுதோறும் ஆராதனை முடித்து ஆற்றில் இறங்கி வலை வீசினாள். "இன்னாடி பேஜாரு இது, ஊரே சிரிக்குது" என்று திட்டிக்கொண்டே, கம்பெனியில் பக்கத்து மெஷினில் உட்காரும் சகீனா கயிற்றில் ஒரு கை பிடித்தாள். முதலில் சரளைக் கல்தான் வந்தது. ஈஸ்டருக்கு முந்தைய லெந்து நோன்புக் காலம் பிறந்ததும் ஒரு கெண்டை வந்தது, துள்ளிக்கொண்டு. அதன் பிறகு வெள்ளத்தில் போனவை வரத் தொடங்கின. முனியம்மாவின் பித்தளைக் குண்டான் வந்தது. பச்சையப்பனின் வெள்ளாடு உயிரோடு கத்திக்கொண்டு வந்தது. உரியவர்கள் அடையாளம் சொல்லி வாங்கிப் போனார்கள். எந்த வெயிலில் கட்டினாலும் ஆட்டின் ஈரம் காயவில்லை. அதனால் சந்தையில் விலை கொஞ்சம் கம்மியாகக் கேட்டார்கள், அவ்வளவுதான்.

சகீனா தோல் வியாபாரி வீட்டில் பிறந்தவள். விஷயம் அவள் கண்ணில்தான் முதலில் பட்டது. குண்டான் வந்த அன்றே, முனியம்மா ஆற்றில் உட்கார்ந்து மணல் போட்டுத் துலக்கிக்கொண்டிருந்த இன்னொரு குண்டான் மணலுக்குள் போயிற்று. ஆடு வந்த வாரம், ஆற்றைக் கடந்த பச்சையப்பனின் மந்தையில் ஓர் ஆடு நின்ற இடத்திலேயே, வாயில் தழையோடு கீழே இறங்கிற்று. கெண்டைக்கு மட்டும் ஆறு எதுவும் கேட்கவில்லை. சாம்பிளுக்கு யாரும் விலை வாங்குவதில்லை.

"ஆறு சும்மா குடுக்கலடி. சாமானுக்குச் சாமான் எடுத்துக்குது. நீ ஆளக் கேக்குற. அப்புறம்?"

"நான் ஆத்துகிட்ட கேக்கலியே சகீனா. சொன்னவருகிட்ட கேக்குறேன்."

குருத்தோலை ஞாயிறன்று வலை நகரவில்லை. ஓர் ஆளின் எடை என்று சகீனாவின் கைக்குத் தெரிந்தது. "விட்ருடி! புள்ளைங்கல்லாம் மணல்ல நிக்குது!" என்று கத்தினாள். பவனி முடிந்து ஓலையோடு வேடிக்கை பார்க்க வந்திருந்த சபையார், பிள்ளைகளைத் தோளில் தூக்கிக்கொண்டு கரையேறினார்கள். போதகர் செருப்பைக்கூட எடுக்கவில்லை. சகீனாவும் கயிற்றை விட்டாள். மோகனா தனியாக இழுத்தாள். ஜெயசீலன் இருமிக்கொண்டே வெளியே வந்தான், போன அன்று போட்டிருந்த சட்டையோடு, கையில் டிபன் பாக்ஸோடு. "இன்னா, இத்தினி பேரு நிக்கிறாங்க?" என்று கேட்டான்.

டேனரியில் அவனைத் திரும்பச் சேர்த்துக்கொண்டார்கள். சொல்லாமல் லீவு போட்டதற்கு மேஸ்திரி திட்டியது நியாயம்தான் என்று எல்லோரும் சொன்னார்கள். மனைவிமார் கூட்டத்தில் மோகனாவுக்கு இடம் கிடைத்தது. ஜெயசீலனின் சட்டை இன்றுவரை காயவில்லை; அவன் உட்கார்ந்து எழுந்த இடத்தில் சபையில் யாரும் உட்காருவதில்லை.

வருஷங்கள் போயின. ஆறு பதிலுக்கு இன்னும் யாரையும் எடுக்கவில்லை. அக்கரைக்குப் போகிறவர்கள் பெரிய பாலத்தைச் சுற்றிப் போகிறார்கள். ஆட்டோக்காரர்கள் பத்து ரூபாய் ஜாஸ்தி வாங்குகிறார்கள், யாரும் பேரம் பேசுவதில்லை. மோகனா மட்டும் தினமும் ஷிப்டுக்கு நேராக மணலில் இறங்கிக் கடக்கிறாள். "சுத்தி வாடி" என்று சகீனா கரையிலிருந்து கெஞ்சுவாள். "வாக்கு குடுத்தவரு மீதியையும் பாத்துக்குவாரு" என்று மோகனா திரும்பாமலே சொல்வாள். அவள் கால் வைக்கும் இடத்தில் மணல் கணுக்கால் வரை உள்வாங்குகிறது, சற்று யோசிக்கிறது, பிறகு விட்டுவிடுகிறது.

இன்றைய தேதிக்கு ஆற்றின் கணக்கு இப்படி நிற்கிறது: குண்டானுக்குக் குண்டான், நேர். ஆட்டுக்கு ஆடு, நேர். கெண்டை, சாம்பிள். ஆள் ஒன்று, பாக்கி.