இருபது மைக்ரான்

திங்கட்கிழமை சாயங்காலம் ஏழரைக்கு எங்கள் வீட்டுக்கார அம்மா வெங்கடம்மா டிவியைப் போடுவார். ஓசூரில் பெங்களூர் ஸ்டேஷன்தான் தெளிவாக எடுக்கும். அதில் ஒரு கன்னட நகைச்சுவைத் தொடர். ஓர் ஆபீஸ், ஒரு மேனேஜர், ஒரு டைப்பிஸ்ட். இரண்டு பேருக்கும் காதல் என்று பன்னிரண்டு வாரமாக நம்மை நம்பச் சொல்கிறார்கள்.

எனக்கு நம்பிக்கை வரவில்லை. அந்த ஆபீஸில் யாரும் வேலை செய்து நான் பார்த்ததில்லை. வாரம் தவறாமல் மேனேஜர் கையிலிருந்து ஃபைல் விழும், இருவரும் குனிவார்கள், தலை முட்டும், பின்னணியில் வயலின் கேட்கும்.

"எத்தனை தடவைதாம்மா ஃபைல் உழும்? கையில வெண்ணெய்யா தடவிக்கிட்டு வர்றான்?" என்றேன்.

"அட, அவன் வேணும்னேதான் போடறான் மாதம்மா. அவகிட்ட வர்றதுக்கு அவனுக்கு வேற வழி என்னா இருக்குது?" என்றார் வெங்கடம்மா.

"தன் வேலையத் தானே கெடுத்துக்கிட்டு எவனாச்சும் காதலிப்பானா?"

"நீ ஆணியையும் போல்ட்டையும் அளக்கறவ. உனக்கு எப்படித் தெரியும்?"

அவர் சொன்னது சரிதான். சிப்காட்டில் ஒரு கம்பெனியில் நான் இன்ஸ்பெக்டர். லேத்தில் கடைந்து வரும் பின்களை மைக்ரோமீட்டரில் அளப்பது என் வேலை. பெண்களுக்கு இரவு ஷிப்டு கிடையாது என்பதால் எனக்கு எப்போதும் காலை ஷிப்டுதான்; ஆபரேட்டர்களுக்கு வாரத்துக்கு வாரம் ஷிப்டு மாறும். பின் அளவு தப்பினால் ரிஜெக்ட் சீட்டு எழுதுவேன். கடைந்த ஆள் தானே என் மேஜைக்கு வந்து அதில் கையெழுத்துப் போட வேண்டும். மற்றபடி எந்த ஆபரேட்டரும் மிஷினை விட்டு நகரக் கூடாது.

சீட்டு என்றாலே சண்டைதான். மிஷின் சரியில்லை, டூல் சரியில்லை, உன் மைக்ரோமீட்டரே சரியில்லை என்பார்கள். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். சண்டை போடாதவர் ஒரே ஒருவர், வேப்பனப்பள்ளியிலிருந்து வந்த சென்னகிருஷ்ணன். வருவார், கையெழுத்துப் போடுவார், போவார். வேலைக்கு வந்து ஆறு மாதம் முடியப் போகிறது. அதற்குள் பதினைந்து சீட்டு சேர்ந்தால் வேலை நிரந்தரமாகாது, வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். அவர் பேரில் பதிமூன்று இருந்தது.

செவ்வாய்க்கிழமை காலை அவருடைய தட்டில் மறுபடியும் ஒரு பின் தப்பாக வந்தது. இருபது மைக்ரான் பெரிது, தலைமயிரின் கனத்தில் கால் பங்கு. பதினாலாவது சீட்டை எழுதியபோது கை நின்றது. போன தடவையும் இருபதுதானே?

பழைய சீட்டுகளை எடுத்துப் பார்த்தேன். பதிமூன்றிலும் இருபது. எல்லாமே பெரிது, ஒன்றுகூடச் சிறிது இல்லை. கவனமில்லாத கை ஒரு நாள் கூட்டும், ஒரு நாள் குறைக்கும். தப்பு இவ்வளவு ஒழுங்காக வருமா? மற்ற ஷிப்டுகளின் ரிஜிஸ்டரையும் புரட்டினேன். மதியம், இரவு ஷிப்டுகளில் அவர் பேரில் ஒரு சீட்டுகூட இல்லை.

வெங்கடம்மா சொன்ன 'வேணும்னே' அப்போதுதான் மண்டையில் உறைத்தது. முகம் சூடேறிவிட்டது. வெட்கம் பாதி, கோபம் பாதி.

அவர் கையெழுத்துப் போட வந்தார். பதினாலு சீட்டையும் மேஜையில் வரிசையாக வைத்தேன்.

"எல்லாம் இருபது. ஒண்ணுகூடச் சின்னதா இல்லையே, ஏங்க?"

கடைசிச் சீட்டின் மூலையை நீவி விட்டார். "சின்னதாப் போனா ஸ்க்ராப் ஆயிடுங்க மேடம். பெரிசுன்னா இன்னொரு கட் எடுத்தாப் போதும், பொருள் வீணாவாது."

"வேல போயிடும்னு தெரியாதா?"

"தெரியுங்க. இங்க வர்றதுக்கு வேற வழி தெரியலைங்க."

"பதிமூணு தடவ வந்தீங்களே! வாயில என்ன கொழுக்கட்டையா வெச்சிருந்தீங்க?"

"நெனச்சுக்கிட்டுத்தான் வருவேங்க. இங்க வந்ததும் எல்லாம் மறந்துடுது."

எனக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டேன். "சனிக்கிழமை உங்க ஆறு மாச ரிப்போர்ட் மேல போவுது. இன்னொண்ணு வந்தா எழுதாம வுட மாட்டேன். அளவுன்னா அளவுதான்."

"அப்ப இனிமே வர முடியாதுங்களா?"

நான் பேனாவை அவர் பக்கம் தள்ளினேன். அவர் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனார்.

புதன், வியாழன், வெள்ளி மூன்று நாளும் அவருடைய தட்டில் ஒரு தப்பும் இல்லை. எல்லாம் நடு அளவில், கண்ணில் ஒற்றிக்கொள்கிற மாதிரி. அவர் வரவில்லை. நான் ஒவ்வொரு பின்னையும் இரண்டு தடவை அளந்தேன். முதலில் அவருக்காகப் பயந்துதான் அளக்கிறேன் என்று நினைத்தேன். வெள்ளிக்கிழமைதான் உண்மை புரிந்தது. ஒன்றாவது பெரிதாக இருக்காதா என்று தேடிக்கொண்டிருந்தேன். அது அவர் வேலையைத் தின்றுவிடும் என்று தெரிந்தும் தேடினேன். என்மேலேயே எனக்கு ஆத்திரம் வந்தது.

சனிக்கிழமை பன்னிரண்டு மணிக்கு சூப்பர்வைசர் கங்கப்பன் வந்து ரிப்போர்ட்டில் என் கையெழுத்தை வாங்கினார். "பதினாலோட நின்னுட்டானே, பொழச்சான். இனிமே பர்மனென்ட்" என்று சொல்லிக்கொண்டே மேலே எடுத்துப் போனார்.

ஒரு மணிக்கு சென்னகிருஷ்ணனின் கடைசித் தட்டு வந்தது. ஐம்பது பின்னும் சரியான அளவு. அதில் ஒன்றைத் தனியே எடுத்து வைத்து, ஒரு ரிஜெக்ட் சீட்டில் அவர் பெயரை எழுதி ஆள் அனுப்பினேன்.

வெளுத்த முகத்தோடு ஓடி வந்தார். மைக்ரோமீட்டரை வாங்கி அவரே அளந்தார். மறுபடியும் அளந்தார்.

"இது சரியாத்தான் இருக்குதுங்க மேடம்."

"தெரியும்."

"சீட்டுல காரணம் எழுதற இடம் காலியா இருக்குதுங்களே?"

"அதை நீங்க சொல்லுங்க. இந்தத் தடவ மறந்தீங்கன்னா, நெஜமாவே எழுதிடுவேன்."

பக்கத்து மேஜையில் யாரும் இல்லை. மைக்ரோமீட்டரைக் கீழே வைத்துவிட்டு சென்னகிருஷ்ணன் கேட்டார்: "நாளைக்கு லீவுதானுங்களே... கிருஷ்ணகிரி டேம் பாக்கப் போலாமுங்களா?"

சீட்டை நாலாகக் கிழித்துக் கூடையில் போட்டுவிட்டு, எத்தனை மணிக்கு என்று கேட்டேன்.