மாதத்தை முதலில் கேட்ட பெட்டி

ட்ரெவின் குடும்பத்தின் பண்ணை வேலிக்குள் பதினான்கு மாதமாக ஒரு சொட்டு மழை இல்லை. வேலிக்கு வெளியே வழக்கம்போலப் பெய்தது. ஆஸ்திரேலியாவில், விக்டோரியா மாநிலத்தின் மாலி வட்டாரத்தில் வானத்தோடு யாரும் வழக்காடுவதில்லை. அக்கம்பக்கத்தார் கேக் செய்து கொண்டுவந்து கொடுத்தார்கள், பூட்ஸ் சேற்றை வாசலில் துடைத்துவிட்டுப் போனார்கள். அந்தச் சேற்றைப் பார்க்கத்தான் பண்ணைக்காரி க்ளெனிஸுக்கு வயிறு எரிந்தது.

காரணம் அவளுக்குத் தெரியும். முப்பத்தோரு வருடமாகத் தினமும் காலை ஒன்பது மணிக்கு மழைமானியைப் பார்த்து, அளவைக் கொட்டகையிலிருந்த பழைய கம்ப்யூட்டரில் ஏற்றிவந்தாள். அது என்றைக்குப் படுத்ததோ, அன்றைக்கே மழையும் நின்றது. நோட்டில் எழுதிப் பார்த்தாள், மழை மசியவில்லை. ஏப்ரலில் விதைத்த கோதுமை புழுதிக்குள் அப்படியே கிடந்தது. அங்கே குளிர்காலமான ஜூலையின் முதல் வாரமும் பொய்த்தால் நிலத்தை விற்றுவிடுவதென்று கணவன் மெர்வ் சொல்லிவிட்டான். அவளோ செத்தாலும் அந்த மண்ணை விட்டுப் போகச் சம்மதிக்கமாட்டாள்.

ஆகவே ஊரிலிருந்து கெவ் பாஸ்கோ வந்தார். டெலிபோன் வேலையிலிருந்து ஓய்வுபெற்றவர். செத்த கம்ப்யூட்டர்களை எழுப்புவது அவருடைய கிறுக்கு. மூடியைக் கழற்றி எலிக்கூட்டை எடுத்துப் போட்டார். பேட்டரி கசிந்து பலகையில் பச்சைக் களிம்பு ஏறியிருந்தது. வினிகரால் துடைத்து, அரித்துப்போன இடத்தில் மெல்லிய கம்பி ஒன்றைப் பற்றவைத்து, புதுப் பேட்டரி போட்டார். பெட்டி ஒரு நீள பீப், இரண்டு குட்டி பீப் என்று முனகியது. படம் காட்டும் அட்டைதான் சண்டித்தனம் பண்ணுகிறது என்று அதன் விளிம்பைப் பென்சில் ரப்பரால் தேய்த்துச் செருகினார். கடைசியில் ஹார்ட் டிஸ்க் இறுகிக் கிடந்தது. ஜாம் பாட்டில் மூடியைத் திறப்பதுபோல வெடுக்கென்று ஒரு திருகு திருகினார். சுழன்றது. பெட்டி தேதி கேட்டது. கெவ் கை கழுவப் போயிருந்ததால் க்ளெனிஸே போட்டாள்.

பத்து நிமிடத்தில் வேலிக்குள் முப்பத்தெட்டு டிகிரி வெயில் அடித்தது. ஈ மொய்த்தது. குளிர்காலத்துக்குப் படுத்திருந்த பழுப்புப் பாம்பு ஒன்று வெளியே வந்து வாசற்படியில் வெயில் காய்ந்தது. வேலிக்கு அப்பால் பக்கத்துப் பண்ணைக்காரர் கம்பளிச் சட்டையோடு நின்று பார்த்தார். மெர்வ் நிலம் விற்றுத்தரும் ஆளின் நம்பரைத் தேடினான். க்ளெனிஸுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

"யாரும்மா தேதி போட்டது?" என்றார் கெவ், திரையைப் பார்த்துக்கொண்டே.

"நான்தான். இன்னைக்கு ஜூலை மூணு. மூணு, ஏழுன்னு போட்டேன். சரிதானே?"

"நமக்குச் சரி. இது அமெரிக்காக்காரன் பெட்டி, மாசத்தைத்தான் முதல்ல கேக்கும். நீ நம்மளையெல்லாம் கோடை வெயில் அடங்காத மார்ச் ஏழாந்தேதியில கொண்டாந்து உக்கார வச்சிருக்கே."

பெட்டியை வாங்கிய அன்று கடைக்காரரே தேதியை வைத்துவிட்டுப் போயிருந்தார். பிறகு அவளுக்கு அந்த வேலையே வரவில்லை. இப்போது மாற்றித் தட்டினாள். ஏழு, மூன்று. பாம்பு வளைக்குத் திரும்பியது. கொட்டகைத் தகரத்தில் ஒரு சொட்டு, பத்துச் சொட்டு, பிறகு பேச்சுக்குரல் கேட்காத அளவுக்கு மழை. மெர்வ் போனை வைத்துவிட்டு வயலுக்கு நடந்தான். தொப்பலாக நனைந்து திரும்பி, "விதை வரைக்கும் ஈரம் இறங்கிடுச்சு" என்றான். அப்பாடா என்று க்ளெனிஸ் அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

ஒன்பதாம் நாள் கோதுமை முளைத்தது. அன்றிலிருந்து அந்த வீட்டில் எல்லாவற்றிலும் மாதத்தைத்தான் முதலில் எழுதுகிறார்கள், பிறந்தநாள் கேக்கில்கூட. பல் டாக்டரிடம் போகவேண்டிய நாளை இரண்டு முறை கோட்டைவிட்டார்கள். அதற்காக யாரும் வருத்தப்படவில்லை. காலை ஒன்பது மணிக்கு க்ளெனிஸ் மழைமானியைப் பார்க்கப் போகிறாள். இருக்கவேண்டிய நாளில் அதில் தண்ணீர் இருக்கிறது.