சேர்மன் பார்த்தால் சரியாகிவிடும் கார்

சேர்மன் என்றுதான் அவரை எல்லோரும் கூப்பிடுவார்கள். எந்த நிறுவனத்துக்கு என்று மட்டும் கேட்டுவிடக் கூடாது. குடியிருப்போர் சங்கத்துக்கு, எதிர்த்து நிற்க ஆள் கிடைக்காத ஒரு வருடம், தலைவராக இருந்தார். பதவி போய்விட்டது, தொண்டையைக் கனைத்துக்கொண்டு பேச ஆரம்பிக்கிற பழக்கம் மட்டும் போகவில்லை. அவருடைய காருக்கும் அதே பழக்கம் தொற்றிக்கொண்டதுதான் அவர் மனைவிக்கு வந்த சோதனை.

வயசான கார். ஒழுங்காக ஓடிக்கொண்டே இருக்கும். திடீரென்று ஒரு கனைப்பு, ஒரு குலுக்கல், நாலு சிலிண்டரில் ஒன்று வேலைநிறுத்தம் செய்தது மாதிரி ஓர் இழுவை. சேர்மன் ஓட்டினால் வராது. அவர் ஓட்டுவது பேப்பர் கடை வரைக்கும். எஞ்சின் சூடாவதற்குள் வீடு வந்துவிடும். மனைவி ஓட்டும்போதுதான் வரும். வந்ததும் ஓரமாக நிறுத்துவாள். பக்கத்து சீட்டிலிருந்து சேர்மன் இறங்கி, பானெட்டைத் தூக்கி, இடுப்பில் கைவைத்து, ஆய்வுக்கு வந்த அதிகாரி மாதிரி உள்ளே பார்ப்பார். எதையும் தொட மாட்டார். மூடிவிட்டு வந்து, "இப்ப எடு" என்பார். வண்டி பட்டுப் போல ஓடும்.

"பாத்தியா? நான் பாத்த உடனே சரியாயிடுச்சு. அப்ப கோளாறு வண்டியில இல்ல, உன் கால்ல இருக்கு."

ஐம்பது வயதில் ஓட்டக் கற்றுக்கொண்டவளுக்கு இதைவிட வேறென்ன ஊக்கம் வேண்டும்?

போன மாதம் லைசென்ஸ் டெஸ்டில், மேட்டில் நிறுத்தி எடுக்கச் சொன்ன இடத்தில், கார் கனைத்தது, குலுங்கியது, செத்துப்போனது. இன்ஸ்பெக்டர் உதட்டைப் பிதுக்கினார். இன்று மத்தியானம் மறுபடி டெஸ்ட். திங்கட்கிழமை அவள் ரத்தப் பரிசோதனைக் கூடத்தின் புதுக் கிளைக்குப் பொறுப்பாளராகப் போயாக வேண்டும். கிளை நெடுஞ்சாலைக்கு அந்தப் பக்கம். வேலை ஆரம்பிப்பது முதல் பஸ் வருவதற்கு முன்னால். நெடுஞ்சாலையில் ஓட்டுகிறவர்கள் எல்லோரும் மனநிலை சரியில்லாதவர்கள் என்பது சேர்மனின் கொள்கை; அவர் கொண்டுபோய் விடப் போவதில்லை. லைசென்ஸ் வரவில்லையென்றால் அந்த நாற்காலியில் அவளிடம் வேலை கற்றுக்கொண்டவன் ஒருவன் உட்காருவான்.

"இந்தத் தடவையும் போச்சுன்னா இந்த ஆசைய மூட்டை கட்டி வச்சிடும்மா" என்று காலையிலேயே ஆசீர்வாதமும் பண்ணிவிட்டார்.

அதனால்தான் விடிந்ததும் விடியாததுமாகக் காரைத் தம்பியின் ஒர்க்‌ஷாப்புக்குக் கொண்டுவந்திருந்தாள். தம்பியை எல்லோரும் 'காது' என்பார்கள். நீளமான ஸ்க்ரூ டிரைவரின் ஒரு முனையை எஞ்சினில் ஊன்றி, மறு முனையைக் காதில் வைத்து, கண்ணை மூடி, எந்த நோயையும் சொல்லிவிடுவான் என்று பெயர். பெயரைக் கிளப்பியவனும் அவன்தான்.

வண்டி வந்து நின்றதும் அவன் செய்யும் முதல் காரியம் பானெட்டைத் திறப்பது. பிறகு அதன் உள்பக்கத்தில் விளக்கைக் கொக்கி போட்டு மாட்டுவான். அப்புறம்தான் வாயைத் திறப்பான். இந்த ஒரு காருக்கே ப்ளக் நாலும் மாற்றினான். ப்ளக் வயர் மாற்றினான். பெட்ரோல் பில்டரை மாற்றினான். ஒவ்வொரு தடவையும் ஸ்க்ரூ டிரைவரைக் காதில் வைத்து, "இனிமே சொக்கத் தங்கம்க்கா" என்றான். சொக்கத் தங்கம் மூன்றாவது நாள் கனைத்தது.

இன்றும் கண்ணை மூடிக்கொண்டிருந்தான். எஞ்சின் ஒரு சீராக உறுமிக்கொண்டிருந்தது.

"ஒண்ணுமே இல்லியேக்கா."

"அதான் நானும் சொல்றேன், மாப்பிள்ளை" என்று தொண்டையைக் கனைத்தார் சேர்மன். "எஞ்சின்ங்கிறது ஒரு நிர்வாகம். மேலிருந்து வர்ற உத்தரவு தெளிவா இருந்தா கீழ சிலிண்டர் எல்லாம்..."

"அத்தான், கொஞ்சம் சும்மா இருங்க. சத்தம் கேக்கல."

"கேட்டு மட்டும் என்னத்தக் கண்டுபிடிச்சே?"

இரண்டு பேரும் கார்பரேட்டரா பெட்ரோலா என்று ஆரம்பித்தார்கள். அவள் டயர் அடுக்கின் மேல் உட்கார்ந்து, நெற்றிப்பொட்டை அழுத்திக்கொண்டாள். அவளுடைய பரிசோதனைக் கூடத்தில் ஒருவன் இப்படி வேலை செய்தால் அன்றைக்கே வீட்டுக்கு அனுப்பியிருப்பாள். சாப்பிட்டவுடன் சர்க்கரை ஏறுகிறது என்று ஒருத்தர் வந்து சொன்னால், அவரை வெறும் வயிற்றோடு உட்காரவைத்து ரத்தம் எடுத்துவிட்டு 'உங்களுக்கு ஒன்றுமில்லை' என்று அனுப்புவார்களா?

சட்டென்று எழுந்தாள்.

"டேய், இது ரோட்டுல கனைக்கும்போது பானெட் எப்படி இருக்கு?"

"எப்படி இருக்கும்? மூடித்தான் இருக்கும்."

"நீ பாக்கும்போது?"

"திறக்காம எப்படிக்கா பாக்கிறது?" அவளுக்காகப் பரிதாபப்பட்டான்.

"மூடு."

"அக்கா, மூடிட்டா நான் காதை எங்க வைக்கிறது?"

"என் தலையில வை. மூடுடா!"

விளக்கைக் கழற்றி மூடினான், ஸ்டெதஸ்கோப்பைப் பறிகொடுத்த பெரிய டாக்டரின் முகத்தோடு. எஞ்சின் ஓடிக்கொண்டே இருந்தது. மூன்று பேரும் மூடிய பானெட்டைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். தெருவில் போனவன் ஒருவன் என்னவோ ஏதோ என்று எட்டிப்பார்த்துவிட்டுப் போனான். சேர்மன் பெட்ரோல் வீணாவதைப் பற்றிப் பேசி முடித்து, இந்தக் காலத்துப் பெட்ரோலின் தரத்துக்கு வந்தபோது, கார் கனைத்தது. குலுங்கியது.

தம்பியின் கை தானாகப் பானெட்டுக்குப் போனது. சேர்மனும் இடுப்பில் கைவைத்தபடி முன்னே வந்தார்.

"ஒருத்தரும் தொடாதீங்க!"

கனைப்பு நிற்கவில்லை. அவள் அதை நன்றாகக் கேட்டுக்கொண்டாள். இத்தனை நாள் அதை முழுசாகக் கேட்க யார் விட்டார்கள்? பிறகு அவளே தூக்கினாள். கனைப்பு நின்றது. மூடினாள். கொஞ்ச நேரம் சீராக ஓடி, சூடு ஏறியதும் மறுபடி ஆரம்பித்தது. தூக்கினாள். சீரானது.

"இதுவரைக்கும் சரியானது நீங்க பாத்ததால இல்ல" என்றாள் கணவரிடம். "நீங்க திறந்ததால."

தம்பி குனியாமல், முதல் தடவையாக, தலையை நிமிர்த்திப் பானெட்டின் அடிப்பக்கத்தைப் பார்த்தான். அங்கே விரல் தடிமனில் கறுப்பு ரப்பர் மெத்தை. போன குளிர்காலத்தில் சேர்மன் தன் கையாலேயே ஒட்டியது. எஞ்சின் இரைச்சலில் காருக்குள் தாம் பேசுவது பின்சீட்டு வரைக்கும் போய்ச் சேரவில்லை என்பது அவருடைய அப்போதைய மனக்குறை. வெயில் காலம் வந்ததும் பசை இளகி, மெத்தை தொந்தி மாதிரி நடுவில் தொங்கியிருந்தது. தொந்தியில் ஒரு பள்ளம். அந்தப் பள்ளத்துக்கு நேர் கீழே, ப்ளக்குகளுக்குத் தீப்பொறி அனுப்பும் இக்னிஷன் காயில். பானெட் மூடி எஞ்சின் சூடு ஏற ஏறத் தொந்தி இன்னும் இறங்கி அதை அழுத்தியிருக்கிறது. தம்பி காயிலில் இருந்த இணைப்பை விரலால் லேசாக அழுத்தினான். எஞ்சின் கனைத்தது. விட்டான். நின்றது. உள்ளே கம்பி முக்கால்வாசி அறுந்து, ஒரு நூலில் உயிரைப் பிடித்துக்கொண்டிருந்தது.

இத்தனை நாள் விளக்கு மாட்டிய கொக்கி, அந்த மெத்தையைக் குத்திய ஓட்டைகளும் வரிசையாக இருந்தன.

"எனக்கு அப்பவே ஒரு சந்தேகம்..." என்று ஆரம்பித்தான் தம்பி.

அவள் ஒரு பார்வை பார்த்தாள். புது இணைப்பு போட்டான். அவள் மெத்தையின் ஓரத்தைப் பிடித்து, ஒரே இழுப்பில் உரித்துக் குப்பைத் தொட்டியில் போட்டாள்.

"அது வெளிநாட்டுச் சரக்கும்மா!" என்றார் சேர்மன்.

மத்தியானம் மேட்டில் நிறுத்தினாள். எடுத்தாள். கார் லாரி மாதிரி இரைந்துகொண்டு ஏறியது. இன்ஸ்பெக்டர் காதைக் குடைந்துகொண்டே, "வண்டிதான் கொஞ்சம் சத்தம்மா. ஓட்டுறது பரவால்ல" என்று கையெழுத்துப் போட்டார்.

திரும்பும்போது தம்பி பக்கத்து சீட்டில், ஸ்க்ரூ டிரைவரை மடியில் வைத்துக்கொண்டு வந்தான். சேர்மன் பின்சீட்டில் இருந்தார். கண்ணாடியில் அவர் வாய் அசைவது தெரிந்தது. 'ஒவ்வொண்ணா கழிச்சுப் பாக்கணும்னு நான்தான் ஆரம்பத்துலயே' என்கிற அளவில் ஏதோ இரைச்சலைத் தாண்டி வந்தது. பிறகு பேப்பர் கடை வந்தது. அவர் முன்சீட்டைத் தட்டி, நிறுத்து நிறுத்து என்று கையை ஆட்டினார்.

"கேக்கலைங்க!" என்று கத்தினாள் அவள். மூன்றாவது கியரிலிருந்து நாலாவதுக்கு மாற்றினாள். கடை பின்னால் போய்க்கொண்டிருந்தது.