மூன்றாவது பூட்டு

...அதுவும் இன்றைக்குத்தானா, பள்ளிச் சமையலறை வேலைக்குப் பத்து மணிக்கு வரச் சொல்லியிருக்கும் நாளில்தானா, வாசல்கதவின் இரண்டு சாவியையும் ஒரே வளையத்தில் கோத்துப் பையில் போட்டுக்கொண்டு போவார் இந்த ஆல்சீட், உள்ளேயிருந்து வெளியே போகவும் சாவி கேட்கிற கதவை எவன் கண்டுபிடித்தானோ, திறக்காது என்று தெரிந்தே வெர்லீன் குமிழை மறுபடி திருகினாள். திருடன் கண்ணாடியை உடைத்துக் கையை விட்டாலும் திறக்கக் கூடாதாம். ஆணியில் மாற்றுச் சாவி ஒன்று தொங்கிக்கொண்டிருந்தது, போன வாரம் அடுத்த தெருவில் ஒரு பெண்ணை எவனோ சுட்ட பிறகு அதையும் எடுத்துவிட்டார். திருடனுக்கு எட்டாதது பெண்டாட்டிக்கும் எட்டாது என்று தோன்றவே இல்லையா? தீப்பிடிச்சா என்ன பண்றது என்று கேட்டதற்கு, நான் இருக்கேன்ல என்றார்... எங்கே இருக்கிறார், மூன்றாவது பூட்டு வாங்கக் கடைக்குப் போயிருக்கிறார். கடைக்குப் போன் செய்தால் அப்போதே கிளம்பிவிட்டாராம்.

பின்கதவுக்குப் பலகை, சன்னல்களுக்குக் கம்பி. நியூ ஆர்லியன்ஸில் இந்தத் தொண்ணூறுகளில் கம்பி அடிக்கிறவன்தான் பணக்காரன். தொலைக்காட்சியில் லூசியானா முழுக்க எத்தனை கொலை, போன வருடத்தைவிட எத்தனை அதிகம் என்று சொல்லச் சொல்ல இவர் ஒரு திருகாணி கூடுதலாக முடுக்குவார். பஸ் நிறுத்தத்தில் சுட்டார்கள் என்று நாலு வருடம் முன்பு பார்த்த வேலையை விடச் சொன்னார், அவளும் விட்டாள், பயம் அவளுக்கும் இருந்ததே, இல்லை என்றால் பொய்... ஆனால் இன்று விட்டால் இனி யார் கூப்பிடுவார்கள்? திங்கட்கிழமை என்றால் ஊரே வைக்கும் சிவப்பு பீன்ஸ் வெந்து கூழாகிக்கொண்டிருந்தது, அடுப்பை அணைத்துவிட்டுச் சன்னலுக்கு வந்தாள். எதிர்வீட்டு ஓடெல் வாசலில் உட்கார்ந்து சிரிக்கிறாள், ஏன்டி வெர்லீன், என்ன பண்ணுனேன்னு உள்ள போட்டுட்டாங்க? பூட்டு வாங்கப் போயிருக்காருக்கா. இருக்கற பூட்டு பத்தலியாமா, சரி, அந்த பீன்ஸ்ல ஒரு கிண்ணம் கம்பி வழியா குடு, ஜாமீனுக்கு நான் கையெழுத்துப் போடறேன். சிரிப்பு வரவில்லை, அழுகையும் வரவில்லை, நல்ல செருப்பு காலை இறுக்கிக்கொண்டிருந்தது.

பூட்டு திரும்பும் சத்தம். கையில் அட்டைப்பெட்டியோடு உள்ளே வந்த ஆல்சீட், பார்த்தியா, எவனாலும் அசைக்க முடியாதாம் இத, என்று குழந்தையைப் போல் காட்டுகிறார், ஆமா, செருப்பெல்லாம் போட்டுட்டு எங்க கிளம்பிட்ட நீ? பதில் சொன்னால் நேரமாகும், வேலைக்குப் போகிறேன் என்று சொல்லியும் நாலு வருடமாயிற்று. வெளிப்பக்கச் சாவித்துவாரத்தில் தொங்கிய வளையத்தை உருவிக்கொண்டு வெளியே வந்தாள், கதவை இழுத்தாள், வெளிப்பக்கம் சாவியை விட்டுத் திருப்பினாள். மூன்று படி இறங்கிய பிறகுதான் உள்ளேயிருந்து தட்டும் சத்தம் கேட்டது. வெர்லீன், விளையாடாத. கை பழக்கத்தில் பூட்டியதா, வெளியே வந்தால் பூட்டு, பூட்டு என்று அவர்தானே சொல்லிச் சொல்லி... பழக்கம்தான், வேறென்ன. முனையில் பஸ் திரும்புகிறது. ஓடெல் எழுந்து கையை நீட்டுகிறாள், சாவிய இங்க வீசிட்டுப் போடி, நான் தொறந்துவிடறேன். சரிதான், வீசினால் போதும், தெருவின் அகலம்தான். வெர்லீன் கையை உயர்த்தினாள். விரல்கள் பிரியவில்லை.