எல்லோரும் ஆஷ்லியைக் கூப்பிட்டோம்

மே மாதத்தில் ஊட்டிக்காரர்கள் ஊட்டியைப் பார்க்க முடியாது. வெளியே கால் வைத்தால் வெளியூர் வண்டிகள், வண்டிக்குள் இருந்தபடியே கேரட்டைக் கடித்துக்கொண்டு வழி கேட்கிறவர்கள், நடுரோட்டில் நின்று மஞ்சு எங்கே மஞ்சு எங்கே என்று பனிமூட்டத்தைத் தேடி வானத்தைப் பார்க்கிறவர்கள். நான் வேலை பார்க்கும் பள்ளி அலுவலகத்துக்கு அப்போது லீவு. ஊட்டி காந்தலில் இருக்கிற வீட்டைப் பூட்டிவிட்டு எங்காவது போய்த் தொலையலாம் என்று ஒவ்வொரு வருஷமும் நினைப்பேன். இந்த வருஷம் அப்படி நினைக்கவில்லை, ஆஷ்லி வருவதாக இருந்தது.

ஆஷ்லி என் அக்கா ஜூடித்தின் மகள், ஏழு வயது. ஓவேலியில் ஒரு தேயிலை எஸ்டேட்டில், தொழிலாளர்களுக்கு வரிசையாகக் கட்டிய லைன் வீட்டில் இருக்கிறார்கள். அக்கா புருஷன் சில்வஸ்டருக்கு அங்கே ஃபேக்டரியில் வேலை. சென்னையில் இருந்தும் பெங்களூரில் இருந்தும் பிள்ளைகள் வந்து மலர் கண்காட்சி பார்த்துவிட்டுப் போகிறார்கள், இதே மலையில் பிறந்த பிள்ளை இன்னும் பார்க்கவில்லை. இது எனக்குப் பெரிய ஆத்திரம். ஒவ்வொரு கோடைக்கும் அக்காவிடம் சண்டை போடுவேன். அவளும் சளி, மழை, கூட்டம் என்று எதையாவது சொல்லித் தட்டிக் கழிப்பாள். பிள்ளையைப் பொத்திப் பொத்தி வளர்த்துப் பெட்டிக்குள்ளா வைக்கப் போகிறாய் என்று இந்த முறை கேட்டேவிட்டேன். கோபித்துக்கொள்வாள் என்று நினைத்தேன். சனிக்கிழமை வந்து கூட்டிப் போ, ஞாயிறு சாயங்காலம் நீயே கொண்டுவந்து விடு, கையை மட்டும் விடாதே என்றாள். ஒரு பள்ளிக்கூடத்தையே மேய்க்கிறவளிடம் இதைச் சொல்கிறாயா என்று சிரித்தேன்.

சனிக்கிழமை நன்றாகத்தான் போனது. படகில் போனோம். மலை ரயிலுக்கு டிக்கெட் கிடைக்கவில்லை, ஸ்டேஷனில் நிற்கிற ரயிலைப் பார்த்தாலே போதும் என்றது பிள்ளை. அவ்வளவு நல்ல பிள்ளை. இதைப் போய்க் கூட்டத்தில் விட மாட்டேன் என்றாளே என்று அக்கா மேல் மறுபடி எரிச்சல்தான் வந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலைப் பூசை முடிந்ததும் கண்காட்சிக்குப் போனோம். பூங்காவில் பூவைவிடத் தலைகள்தான் அதிகம். படிப்படியாகத் தொட்டிகளை அடுக்கி வைத்த மலர் மாடத்தின் முன்னால் ஆஷ்லி வாயைப் பிளந்து நின்றாள். நான் அவள் கையை விடவில்லை. அப்போதுதான் கோயமுத்தூர்க் குடும்பம் ஒன்று, ஏனுங்க ஒரு போட்டோ எடுத்துத் தர்றீங்களா என்று செல்போனை நீட்டியது. இரண்டு கையும் வேண்டியிருந்தது. இங்கேயே நில்லு என்று ஆஷ்லியிடம் சொன்னேன்.

நான் போட்டோ எடுக்கும்போது புல்வெளி மேடையில் பிள்ளைகளின் நடனம் ஆரம்பித்தது. ஆரம்பத்துக்குக் கலர் பேப்பர் பறக்கும் வெடிகளை வெடித்தார்கள். டமார் டமாரென்று சத்தம். கூட்டம் ஊளையிட்டது, விசில் அடித்தது. எனக்கே தூக்கிவாரிப் போட்டது. அந்த அம்மா இன்னொன்று எடுங்கள் என்றாள், எடுத்தேன். திரும்பினால் ஆஷ்லி இல்லை.

முதலில் கோபம்தான் வந்தது. நில் என்றால் நிற்க மாட்டாளா என்று பல்லைக் கடித்துக்கொண்டு மேடைப் பக்கம் போனேன். அங்கே இல்லை. ஐஸ்கிரீம் வண்டியிடம் இல்லை. பெயர் சொல்லிக் கூப்பிட்டேன். பிறகு கத்தினேன். பிறகு ஓடிக்கொண்டே கத்தினேன். எத்தனை முறை அந்த மாடத்தைச் சுற்றி வந்திருப்பேன் என்று தெரியாது. கேட்டுக்கு வெளியே மார்க்கெட் வரை வண்டிகள் நிற்கின்றன, ஏதாவது ஒரு வண்டியில் பிள்ளையை ஏற்றிக் கதவைச் சாத்தினால் என்ன செய்வேன் என்ற நினைப்பு வந்ததும் கேட்டை நோக்கி ஓடினேன்.

பெண் போலீஸ் ஒருத்தி என்னைப் பிடித்து நிறுத்தினாள். நெஞ்சில் ஜானகி என்று பெயர் இருந்தது. என் போனில் இருந்த ஆஷ்லியின் படத்தைப் பார்த்தாள், கேட்டில் இருந்த ஆட்களுக்கு வயர்லெஸ்ஸில் சொன்னாள். மைக்கில் அறிவித்தார்கள். சிவப்பு ஸ்வெட்டர், இரட்டைச் சடை, பெயர் ஆஷ்லி. காவலாளிகள் விசிலை ஊதிக்கொண்டு பாதைகளில் இறங்கினார்கள். நான் வருஷம் முழுக்கத் திட்டுகிற வெளியூர்க்காரர்கள் எல்லாம் பூவை விட்டுவிட்டு என் பிள்ளையைத் தேட ஆரம்பித்தார்கள். மரத்தடியில், குளத்தங்கரையில், பெரணிச் செடிகள் வைத்த கண்ணாடி வீட்டில், எங்கே பார்த்தாலும் ஆஷ்லி ஆஷ்லி என்ற குரல்தான். மைக்கும் நிற்கவில்லை. நல்ல மனுஷர்கள்தான் என்று அழுகை வந்தது.

சிவப்பு ஸ்வெட்டர் போட்ட குழந்தையை ஒருவர் தோளில் போட்டுக்கொண்டு கேட் பக்கம் போனார் என்றான் சோளம் விற்கிறவன். ஆட்களை இடித்துத் தள்ளிக்கொண்டு ஓடினேன். கேட்டில் அந்த ஆளை நிறுத்தி வைத்திருந்தார்கள். தோளில் தூங்கிக்கொண்டிருந்தது யாரோ ஒரு பையன். அவர் கோபப்படக்கூட இல்லை. தேடுங்கம்மா, கிடைக்கும் என்றார்.

அதற்குள் மஞ்சு இறங்கிவிட்டது. பின்னாலேயே தூறல். கூட்டம் மொத்தமும் கேட்டை நோக்கித் திரும்பியது. குடைக்குள்ளும் துண்டுக்குள்ளும் முக்காடு போட்டுத் தூக்கிப் போகிற பிள்ளைகளில் எதை நிறுத்தி முகம் பார்ப்பது? இந்தக் கூட்டம் கலைந்தால் எங்கள் பிள்ளை போனது போனதுதான் என்று மனசு அடித்துக்கொண்டது. ஜானகி என் முகத்தைப் பார்த்து, பெற்றவளுக்குச் சொல்லியாச்சா என்று கேட்டாள். இல்லை என்று தலையாட்டினேன். சொல்லிருங்க, இனியும் தள்ளிப் போட வேண்டாங்க என்றாள்.

எஸ்டேட்டில் ஃபேக்டரி மதிலோரம் மட்டும்தான் சிக்னல் வரும். அக்கா உடனே எடுத்தாள். அங்கேயே நின்றுகொண்டிருந்திருக்கிறாள்.

"அக்கா, ஆஷ்லியைக் காணோம்."

அலறுவாள், என்னைச் சபிப்பாள் என்று கண்ணை மூடிக்கொண்டேன். அப்படி எதுவும் வரவில்லை.

"அங்க வெடி போட்டாங்களா?" என்றாள்.

"என்ன?"

"வெடி, விசில், ஆளுங்க கத்துறது. கேட்டுச்சா இல்லையா, அத மட்டும் சொல்லு."

"மேடையில பேப்பர் வெடிச்சாங்க. அப்பத்தான் காணாமப் போனா."

"நீ அவள கூப்பிட்டியா?"

"எல்லாரும்தான் கூப்பிடுறோம். மைக்குலகூட சொல்லிக்கிட்டே இருக்காங்க."

"ஐயோ. நிறுத்தச் சொல்லு லிஜி. நீங்க கூப்பிடக் கூப்பிட அவ வெளிய வர மாட்டா."

மூச்சு வாங்காமல் சொன்னாள். பலா பழுக்கிற காலத்தில் யானை லைன் வீட்டு வாசலுக்கே வருகிறது. ஆட்கள் வெடி போட்டு, விசிலடித்து, கத்தித்தான் துரத்துவார்கள். அந்தச் சத்தம் கேட்டால் அங்கே பிள்ளைகளுக்கு ஒரே அர்த்தம்தான். பக்கத்து வீட்டு வேலாமணி அப்படி ஒரு நாள் வாசலில் நின்று மகனைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டாள். அவன் எதிர்ப்பக்கத் தேயிலைக்குள் இருந்து, வந்துட்டேம்மா என்று ஓடிவந்தான். இரண்டு பேருக்கும் நடுவில் யானை நின்றிருந்ததை இருட்டில் யாரும் பார்க்கவில்லை. வேலாமணி அதன் பிறகு யாரையும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை.

அந்த வருஷமே லைன் முழுக்கத் தாய்மார்கள் பிள்ளைகளுக்குப் பழக்கிவிட்டார்கள். சத்தம் கேட்டால் தாழ்வான இடமாகப் பார்த்துப் புகுந்துகொள், முதுகை எதிலாவது ஒட்டி வை, பளிச்சென்று தெரிகிற துணியைக் கழற்றிவிடு. யார் கூப்பிட்டாலும் குரல் கொடுக்காதே. அம்மா குரலே கேட்டாலும் கொடுக்காதே. வந்து தோளைத் தொட்டால் மட்டும் எழுந்திரு. ஞாயிற்றுக்கிழமைகளில் இதை விளையாட்டு மாதிரி விளையாட வைப்பார்களாம். இத்தனை வருஷம் அக்கா தட்டிக் கழித்தது சளிக்கும் மழைக்கும் இல்லை, இப்படி ஒரு சத்தத்துக்குப் பயந்துதான். எங்களுக்குக் காந்தலில் காட்டெருமை வந்தால் ஜன்னலில் நின்று வீடியோ எடுப்போம். அவள் வீட்டில் இப்படி ஒரு பாடம் நடப்பது எனக்குத் தெரியவே தெரியாது.

நாங்கள் ஒவ்வொரு முறை கூப்பிட்டபோதும் யானை இன்னும் பக்கத்தில் நிற்கிறது என்றல்லவா அவளுக்குச் சொல்லியிருக்கிறோம்.

ஜானகியிடம் சொன்னேன். மைக் வைத்திருந்தவர், கூப்பிடாமல் எப்படிங்க பிள்ளையைத் தேடுவது என்று என்னைப் பைத்தியம் மாதிரி பார்த்தார். ஜானகி மைக்கை அவர் கையிலிருந்து வாங்கி அணைத்தாள். ஆனால் மைக்கை அணைக்கலாம், ஊரை எப்படி அணைப்பது? நல்ல மனுஷர்கள் தொண்டை கிழியக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். ஒவ்வொருவராகப் போய்க் கையைப் பிடித்து, வேண்டாம், சத்தம் வேண்டாம் என்று கெஞ்சினோம். கனத்த குரல்காரர் ஒருவர் கேட்கவே இல்லை. உதவி செய்ய வந்தவரை வாயை மூடுங்கள் என்று நான் அதட்டினேன். அவர் மனைவிதான் அவரை இழுத்துக்கொண்டு போனாள்.

கொஞ்சம் கொஞ்சமாகப் பூங்கா அடங்கியது. தூறல் இலையில் விழுகிற சத்தம் மட்டும் மிச்சம். போனைக் காதில் வைத்தபடியே தேடினேன். அந்தப் பக்கம் அக்காவின் மூச்சு மட்டும் கேட்டது. இனிச் சிவப்பைத் தேடிப் பிரயோசனமில்லை. நின்று பார்த்தாலும் பிரயோசனமில்லை. பெஞ்சுக்கு அடியில், ஓடைப் பாலத்துக்கு அடியில், செடிப் புதருக்குள் என்று ஈரப் புல்லில் படுத்துப் படுத்துப் பார்த்தேன். ஜானகியும் யூனிஃபார்மோடு முட்டி போட்டாள். கூப்பிடக் கூடாது என்று தெரிந்தும் அந்தப் பெயர் தொண்டை வரை வந்து முட்டிக்கொண்டே இருந்தது. அதை விழுங்குவது எவ்வளவு கஷ்டம் என்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

மலர் மாடத்தின் அடிப்பகுதியைப் பச்சைத் துணியால் மறைத்திருந்தார்கள். நான் கத்திக்கொண்டு சுற்றிச் சுற்றி வந்த அதே மாடம். துணியைத் தூக்கி உள்ளே தவழ்ந்தேன். இருட்டும் ஈரமண் வாடையுமாக இருந்தது. கண் பழகியதும், மரச் சட்டத்தில் முதுகை ஒட்டி ஒரு சின்ன உருவம் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருப்பது தெரிந்தது. ஸ்வெட்டரைக் கழற்றி அதன் மேலேயே உட்கார்ந்திருந்தாள். மெல்லிய சட்டைக்குள் உடம்பு வெடவெடவென்று ஆடியது.

நான் பேசவில்லை. கையை நீட்டித் தோளைத் தொட்டேன்.

ஆஷ்லி திரும்பினாள். மணிக்கட்டை வாயில் வைத்துக் கடித்துக்கொண்டிருந்தாள். எடுத்தபோது பல் பதிந்த இடம் கன்றிப் போயிருந்தது. முகமெல்லாம் கண்ணீர். என் கழுத்தைக் கட்டிக்கொண்டு காதுக்குள் கிசுகிசுத்தாள்.

"ஏன் சித்தி கத்திக்கிட்டே நடந்த? அது மொதல்ல உன்னத்தான அடிச்சிருக்கும்?"

என் செருப்பு துணி ஓரமாகப் போவதையும் வருவதையும் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறாள். கூப்பிட்டு என்னை நிறுத்த முடியவில்லை, வெளியே வந்து இழுக்கவும் கூடாது. அவள் அழுதது முழுக்க எனக்காகத்தான். பிள்ளையை இறுக்கிக்கொண்டு, கெடச்சுட்டாக்கா என்று மட்டும் போனில் சொன்னேன். சொல்லிவிட்டு ஸ்பீக்கரைப் போட்டுப் போனை ஆஷ்லியிடம் நீட்டினேன்.

"ஆஷ்லி," என்றாள் ஜூடித். "அம்மாடா. பேசு."

பிள்ளை பேசவில்லை. போனையே பார்த்தாள், உதட்டை உள்ளே மடித்துக்கொண்டாள். அக்கா மறுபடி கூப்பிட்டாள். ஆஷ்லி தலையை மட்டும் ஆட்டினாள், முடியாது என்று.

அப்புறம் அக்கா என்னைக் கூப்பிட்டாள்.

"லிஜி, அவ தோள்ல கை வை. அம்மா தொடுறேன்னு சொல்லு."

நான் கையை ஒரு முறை எடுத்தேன். இது அம்மா கை என்று சொல்லி, மறுபடி அந்தச் சின்னத் தோளில் வைத்தேன். ஆஷ்லி என் கையைப் பார்த்தாள், என் முகத்தைப் பார்த்தாள். பெரிதாக ஒரு மூச்சு விட்டாள்.

"அம்மா," என்றாள். "எல்லாரும் கூப்பிட்டாங்கம்மா. நான் ஒருதடவகூட வாயே தொறக்கல."

ஜூடித் அப்போதுதான் அழ ஆரம்பித்தாள்.