கசாந்த்ராவுக்குத் தெரியாத பெயர்கள்

போர் முடிந்த மறுவருடம், காயம்பட்ட சிப்பாய்களைப் பேணிய பெண்களுக்கென்று புக்கரெஸ்டிலிருந்து ராணி சிலுவைப் பதக்கம் அனுப்பினாள். ஜவுளிக்கடை துதோசேயின் மனைவி கசாந்த்ராவுக்கும் ஒன்று வந்தது. அவள் செய்ததெல்லாம், கட்டுத்துணிக்காகப் பத்துச் சுருள் லினன் கொண்டுபோனதுதான். வார்டு வாசலில் அழுகல் வாடை முகத்தில் அறைந்ததும் மூக்கைப் பொத்திக்கொண்டு வண்டியேறியவள், பிறகு தன்யூப் கரை ஆஸ்பத்திரிப் பக்கமே தலைவைத்துப் படுக்கவில்லை.

"வாயைத் திறக்காதே," என்றிருந்தான் துதோசே. "பதக்கப் பட்டியல் எழுதினவரு நம்ம கடை வாடிக்கை. தானா வந்த சரக்கை யாராவது திருப்பி அனுப்புவாங்களா?"

திருப்பி அனுப்பவில்லை. இறந்தோர் சனிக்கிழமையன்று அதைக் கறுப்புப் பட்டின்மேல், மெழுகுவத்தி வெளிச்சம் படுகிற பக்கமாகப் பார்த்துக் குத்திக்கொண்டு தேவாலயத்துக்குப் போனாள்.

தேன் கலந்து வேகவைத்த கோதுமைத் தட்டு நடுவில் இருந்தது. அதன் முன்னால் செத்தவர்களின் பெயரை ஒவ்வொன்றாகச் சொல்ல வேண்டும். பெயர் சொல்லப்படாதவன் மேலுலகில் அந்த வருடம் முழுக்கப் பட்டினி.

பாதிரியார் சோஃப்ரோனி முகம் மலர அவளை முன்னால் அழைத்தார். "வாங்கம்மா. ஆஸ்பத்திரியில போன பிள்ளைங்க பேரை உங்க வாயாலேயே சொல்லுங்க. கடைசியா அவங்க கையைப் பிடிச்சிருந்தது நீங்கதானே?"

எண்பது வகைத் துணியின் பெயர் கேட்டிருந்தால் சொல்லியிருப்பாள். "ஜோர்ஜே..." என்று குத்துமதிப்பாக ஆரம்பித்தாள்.

"எந்த ஜோர்ஜேம்மா?" என்றது பின்னாலிருந்து ஒரு குரல். ஆஸ்பத்திரியில் துணி வெளுக்கச் சேர்ந்து, கட்டும் போட்டுக் கஞ்சியும் ஊட்டிய ஸம்ஃபீரா. குரலில் கேலியில்லை. "கால் போனவனா, மாட்டைப் பேர் சொல்லிக் கூப்பிட்டுட்டே போனவனா?"

கூட்டம் காதைத் தீட்டிக்கொண்டது. துதோசே கூரையில் வரைந்திருந்த புனிதர்களை எண்ணத் தொடங்கினான்.

"எனக்குத் தெரியாது," என்றாள் கசாந்த்ரா. காது மடல்கள் எரிந்தன. "நீ சொல்லு."

ஸம்ஃபீரா சொன்னாள். ஜோர்ஜே இரண்டு பேர், நிக்கிதா, ஃப்ளோரியா, தோதெர், பெயர் சொல்வதற்குள் போய்விட்ட மீசை முளைக்காத ஒருவன். முப்பத்தொரு பேர். ஓரிடத்திலும் தடுமாறவில்லை.

பிறகு சடங்குப்படி எல்லாரும் கோதுமைத் தட்டைத் தொட்டுத் தூக்கி, செத்தவர்களுக்காக மெல்ல அசைத்தார்கள். கசாந்த்ராவின் கை பாதி தூரம் போய் நின்றுவிட்டது.

வாசலில் பதக்கத்தைக் கழற்றி நீட்டினாள். "வச்சுக்கோ ஸம்ஃபீரா. உன்னுதுதான் இது."

"எனக்கெதுக்கும்மா? துவைக்கிறப்ப குத்தும்." ஸம்ஃபீரா, கோதுமையைப் பங்கிட்டு முடித்த காலித் தட்டை இடுப்பில் இடுக்கிக்கொண்டாள். "ஆனா உங்க லினன் நல்ல சரக்கும்மா. எத்தனை தடவை அலசியும் கிழியவே இல்லை."

திட்டியிருந்தால்கூடக் கசாந்த்ரா தாங்கியிருப்பாள்.

"சீக்கிரம் குத்திக்கோடி," என்று வண்டியிலிருந்து கிசுகிசுத்தான் துதோசே. "ஊரே பார்க்குது."

"பார்த்தாச்சுங்க," என்றாள் கசாந்த்ரா.